என் வீட்டு இரண்டாவது பென்ஷனர்

ரிட்டயர் ஆன ஆண்பிள்ளைக்கு வீட்டில் எந்த இடம் என்பதை அனுபவஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் எல்லாரும் பார்த்து முடித்த பிறகு வரும். இட்லி ஆறிய பிறகு வரும். "சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க" என்ற முன்னுரையோடு கொத்தமல்லிக் கட்டு வரும், ஆய்ந்து கொடுப்பதற்கு. பெங்களூர் அல்சூரில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வீட்டில் மாமியார், மனைவி, மகள், அதற்குப் பிறகு மணி என்று ஒரு வரிசை. மணி, மகள் காலேஜ் படிக்கும்போது மழையில் நனைந்த குட்டியாகத் தூக்கி வந்த தெரு நாய். இப்போது கிழவன். சோபாவின் ஜன்னலோர மூலை அவனுக்கு. எனக்குப் பால்கனிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது மகள், "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வரப் போறார். உங்களை மாதிரியே ரிட்டயர் ஆனவர்" என்றாள்.

எனக்கு உள்ளூரக் குதூகலம். பேச்சுத் துணைக்கு ஒருவர். பி.எஃப். ஆபீஸைத் திட்ட ஒருவர்.

"யாரும்மா? எந்த டிபார்ட்மென்ட்?"

"மருந்து ஆராய்ச்சி. ஆறு வருஷ சர்வீஸ்."

"ஆறே வருஷமா? வி.ஆர்.எஸ்.ஸா?"

"நாய்ப்பா. பீகிள்."

மாமியார் ரசம் கரண்டியைக் கீழே வைத்தார். மணி மேஜைக்கு அடியில் இருந்தபடியே ஒரு பெருமூச்சு விட்டான். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. அது எங்கள் வீட்டு வழக்கமும் இல்லை.

விஷயம் இதுதான். புதிதாக ஒரு மருந்து கண்டுபிடித்தால் அதை நேரே மனிதன் வாயில் போட்டுவிடுவதில்லை. முதலில் எலி மாதிரிக் கொறிக்கும் பிராணி ஒன்று, பிறகு கொறிக்காத பிராணி ஒன்று என்று இரண்டு வகைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது உலகம் முழுவதும் இருந்துவரும் ஏற்பாடு. அந்த இரண்டாவது பிராணி பல சமயம் நாய். நாய் என்றால் பெரும்பாலும் பீகிள். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கு வளர்த்த ஜாதி. மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு வாசனை போகிற வழியில் போவதுதான் குலத் தொழில். அதைக் கூண்டில் போட்டதற்குக் காரணங்கள் உண்டு. சின்ன உடம்பு, குட்டை மயிர், பத்துப் பேரோடு ஒரே அறையில் விட்டாலும் சண்டை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன செய்தாலும் கடிக்காது. நேற்று ஊசி போட்டவன் இன்று வந்தாலும் வாலை ஆட்டும்.

இதை மகள் சொன்னபோது எனக்குச் சொரேல் என்றது. முப்பது வருஷத்துக்கு மேல் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி யாரை உட்கார வைப்பது என்று மேனேஜர்கள் எந்த லட்சணங்களைப் பார்த்து முடிவு செய்தார்களோ, அதே பட்டியல்.

பெங்களூரில் 'கூப்பா' என்ற பிராணிநல அமைப்பு 1991 முதல் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களிலிருந்து வெளியே வரும் பீகிள்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் 'ஃப்ரீகிள்ஸ் ஆஃப் இந்தியா' என்ற ஏற்பாடும் அவர்களுடையது. 2016-ல் இங்கே ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பீகிள்கள் வெளியே வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. 'கூப்பா' என்பது மாமியார் காதில் 'கியூபா' என்று விழுந்ததால், சேலத்தில் இருக்கும் உறவுக்காரர்கள் இன்றுவரை எங்கள் நாய் காஸ்ட்ரோ தேசத்திலிருந்து விமானத்தில் வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்துவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை. விமானத்தில் வந்த பீகிள்களும் இல்லாமல் இல்லை. 2012-ல் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்காகச் சீனாவிலிருந்து 70 பீகிள்கள் சென்னையில் வந்து இறங்கி, பெரிய ரகளையாகி, கடைசியில் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் வீடுகளுக்குப் போயின.

நாயைக் கொடுப்பதற்கு முன் இரண்டு இளம்பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே கையை விட்டுப் பார்த்தார்கள். வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா என்று பார்த்தார்கள். மணியோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். கூட்டமாகவே வளர்ந்த நாய்க்கு மனிதர்களைவிட இன்னொரு நாய்தான் முதல் தைரியம் என்பதால், மணிக்கு முழு மார்க். கடைசியில் ஒருத்தி, "பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் மூவரும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள்.

"வேலைக்கு எங்கேயும் போகமாட்டாரா?"

"போகமாட்டார்" என்றாள் மனைவி, அத்தனை உறுதியாக.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலையின்மை ஒரு தகுதியாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

வந்தவன் கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகப் பன்னிரண்டு கிலோ. இடது காதை மடித்துப் பார்த்தால் உள்பக்கத்தில் பச்சை மையில் எண்கள் குத்தப்பட்டிருந்தன. மை கொஞ்சம் பரவி, கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாதபடி. கூடத்தில் இறக்கி விட்டதும் இறக்கி விட்ட இடத்திலேயே நின்றான். நாலு கால்களும் நாலு திசையில் வழுக்கின. மொசைக் தரை அவனுக்குப் பழக்கமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பயந்தான். மின்விசிறியைப் பார்த்துப் பயந்தான். குக்கர் மூன்றாவது விசில் விட்டபோது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு முறம் நுழையாத சந்தில், எப்படி நுழைந்தான் என்றே தெரியவில்லை. ஆறு வயசில் அவன் வெயிலையும் மண்ணையும் பார்த்ததில்லை. படி என்று ஒன்று உண்டு என்று தெரியாது. தட்டில் இட்ட சோற்றை, நாங்கள் அறையை விட்டுப் போய் விளக்கை அணைத்த பிறகுதான் தின்றான்.

பெயர் வைப்பதில் வீடு இரண்டுபட்டது. மகள் 'டார்வின்' என்றாள். அவர் உலகம் சுற்றிய கப்பலுக்கு பீகிள் என்றுதான் பெயராம். மனைவி 'சீனு' என்றாள். நான் சொன்ன பெயர் பரிசீலனைக்கே போகவில்லை. எதற்கும் அவன் காதைக்கூட அசைக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாமியார் காபியில் முக்குவதற்கு பேக்கரி ரஸ்க் டப்பாவின் மூடியைத் திறந்தார். பீரோ சந்திலிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு அரை முகம். பிறகு அவன் முழுசாக வந்து, மாமியார் கால்மாட்டில் ஒரு அடி தள்ளி நின்று, கழுத்தை மட்டும் நீட்டினான். மாமியார் ரஸ்க்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நாய் என்றால் மூன்று தலைமுறைக்கு ஆசாரம் பார்க்கிற மனுஷி, பாதியை ஒடித்துக் கொடுத்தார். "ஏண்டா, இத்தனை நாளும் உனக்கு இதுகூடக் குடுக்கலியா அந்தப் படுபாவிங்க?" என்றார். அதோடு அவன் பெயர் ரஸ்க்.

அடுத்தது மாடிப்படி. இரண்டு மாடி அவனை நான்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், இறங்க வேண்டும், அதுவும் ஒரு வேளைக்கு அல்ல. வீட்டுக்குள் இயற்கை உபாதை என்பது அவனுக்குக் குற்றமே இல்லை. கூண்டில் இருந்த இடம்தான் எல்லாவற்றுக்கும் இடம். அதிலும் அபார்ட்மென்ட் சங்கத்தின் சுற்றறிக்கை விரித்துக் கிடந்தால் அதன்மேல் ஒரு தனிப் பிரியம். என் முதுகு இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. எனவே, அவனுக்குப் படியேறக் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

விடியற்காலை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். ரஸ்க்கைக் கீழ்ப்படியில் நிறுத்தி, நான் நாலாவது படியில் நின்று கூப்பிட்டேன். வரவில்லை. சப்பாத்தித் துண்டு காட்டினேன். எச்சில் ஊறியதே தவிரக் கால் எழவில்லை. இரண்டு காலால் ஏறுகிறவனைப் பார்த்து நாலு கால்காரன் என்ன கற்றுக்கொள்வான் என்று பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை ஊன்றினேன். முதலில் வலது கை, பிறகு இடது முட்டி, பிறகு இடது கை என்று நிதானமாக, வாயால் விளக்கிக்கொண்டே ஏறினேன். சப்பாத்தி பல்லில்.

மூன்றாவது படியில் போகும்போது என் மூக்குக்கு நேரே ஒரு ஜோடி வாக்கிங் ஷூ தெரிந்தது. நிமிர்ந்தால் சங்கத்துச் செக்ரட்டரி. காலை நடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், மகா மரியாதைக்காரர். "குட் மார்னிங் சார்" என்றார். வாயில் சப்பாத்தி இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சுவரோரமாக ஒதுங்கி, எனக்கு வழி விட்டு இறங்கிப் போனார்.

இத்தனைக்கும் பிறகு ரஸ்க் கீழேயே நின்றுகொண்டிருந்தான். மணி வந்தான். வாசலில் தன் காலைக் கடனை முடித்துவிட்டு, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் முதுகை உரசிக்கொண்டு படியேறிப் போனான். ரஸ்க் அவன் வாலையே பார்த்தான். ஒரு காலை வைத்தான். இன்னொன்றை வைத்தான். இரண்டு மாடியும் ஒரே மூச்சில் ஏறிவிட்டான். நான் இன்னும் மூன்றாவது படியில்தான் இருந்தேன், எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் தேடிக்கொண்டு.

நான் வேடிக்கையாகச் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அவனைக் கால்நடை டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போன நாள். ஆட்டோ ஹாரனுக்கு நடுங்கி, கிளினிக் வாசலில் தராசுக்கு நடுங்கி, என் அக்குளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தவன், உள்ளே டாக்டர் ரப்பர் கையுறையைச் சொடுக்கி மாட்டிய சத்தம் கேட்டதும் நடுக்கத்தை நிறுத்தினான். மேஜைமேல் வைத்ததும் நேராக உட்கார்ந்தான். யாரும் கேட்காமலே வலது முன்னங்காலை நீட்டினான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். டாக்டர் ஊசியை எடுத்த கையோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, "இவனுக்கு இந்த ஒரு இடம்தான் தெரிஞ்ச இடம் சார்" என்றார்.

என் சமாச்சாரம் வேறு. எனக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க லேபுக்குப் போனால், மனைவி ஒரு தோளையும் கம்பவுண்டர் ஒரு தோளையும் பிடித்துக்கொள்ள, நான் கந்தர் சஷ்டி கவசத்தில் இறங்கிவிடுவேன். என்னுடைய டாக்டர், மாத்திரைக்குக் கேட்கவில்லையென்றால் இன்சுலின்தான் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இன்சுலினே நாய் கொடுத்ததுதான். 1921-ல் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் நாய்களின் கணையத்தை எடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்து, வேறு நாயின் கணையத்திலிருந்து வடித்த சாற்றை ஏற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஜனவரியில் முதல் மனிதப் பையனுக்குப் போட்டார்கள். அன்று கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் நான் ரஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டேன். வழக்கமாக அவன் சீட்டில், நான் ஓரத்தில்.

அவனுக்குப் பென்ஷன் உண்டா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு வருவது இ.பி.எஸ். பென்ஷன். குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்களே, அந்தத் திட்டம். எனக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே வருகிறது. தொகையைச் சொன்னால் வாசகர்கள் மணியார்டர் அனுப்பிவிடுவார்கள். ரஸ்க்குடைய நிலைமை காகிதத்தில் என்னைவிட மேல். 1959-ல் ரஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஆய்வுக்கூடங்களுக்கு மூன்று விதி எழுதினார்கள். பிராணி இல்லாமல் முடியுமானால் இல்லாமல் செய். முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதோடு வேதனையையும் குறை. இந்தியாவில் பிராணிச் சோதனைகளை மேற்பார்க்கும் மத்தியக் கமிட்டி நாலாவதாக ஒன்றைச் சேர்த்தது: மறுவாழ்வு. சோதனை முடிந்த பிராணியைப் பராமரிக்கும் பொறுப்பு சோதித்தவருடையது, அந்தச் செலவும் ஆராய்ச்சிச் செலவிலேயே சேர்த்தி என்று. எங்கள் கம்பெனியில் எனக்குக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். ரஸ்க் பயப்படுகிறானே, அதே கடிகாரம்தான்.

அந்தக் கமிட்டி 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. சட்டத்துக்கு முதல் பிள்ளையார் சுழி போட்டவர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபாவில் நியமன உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகு திரும்பப் பெற்றார். இதை மகள் படித்துச் சொன்னபோது மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரதநாட்டியம் என்றால் உயிர் அவருக்கு. "ருக்மிணி தேவி பண்ணின சட்டத்துல வந்த புள்ளையா இது! அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று, என் பழைய கம்பளியை எடுத்து ரஸ்க்குக்கு விரித்தார். "மாப்பிள்ளைக்கு எதுக்கு, பெங்களூர்ல இப்பல்லாம் குளிரே இல்லையே" என்று ஒரு சமாதானமும் சொன்னார்.

மனைவி வேறு விதத்தில் கௌரவம் தேடிக்கொண்டாள். அமெரிக்காவில் விர்ஜீனியாவில் ஒரு வளர்ப்புப் பண்ணையிலிருந்து 2022-ல் சுமார் 4000 பீகிள்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதில் ஏழு வயசுக் கிழவி ஒன்றை இளவரசர் ஹாரியும் மேகனும் எடுத்துக்கொண்டார்கள். மாடியில் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் இந்தச் செய்தி எப்படியோ பேச்சில் வந்துவிடும். "நாங்களும் அவங்களும்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆய்வுக்கூடங்களில் பூனைகள் உண்டா என்று எதிர் ஃப்ளாட் அம்மாள் கேட்டாள். உண்டு. அமெரிக்க விவசாயத் துறையே மேரிலாந்தில் ஒரு ஒட்டுண்ணி ஆராய்ச்சிக்காகப் பல வருஷம் பூனை வளர்த்துக்கொண்டிருந்தது. 2019-ல் கூச்சல் கிளம்பி நிறுத்தினார்கள்; மிச்சம் இருந்த 14 பூனைகளை அங்கே வேலை பார்த்தவர்களே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "நமக்கும் ஒண்ணு" என்று மகள் வாயெடுத்தாள். மணி எழுந்து வெளியே போய்விட்டான். நானும் போய்விட்டேன்.

ரஸ்க் குரைத்ததே இல்லை. மணி குரைத்தால் ஆச்சரியமாகப் பார்ப்பான். ஊமையோ என்றுகூட நினைத்தோம். ஒரு நள்ளிரவு, தெருமுனை டீக்கடை வாசல் நாய்கள் எதற்கோ ஊளையிட, கம்பளிமேல் படுத்திருந்தவன் எழுந்தான். கழுத்தை உத்தரத்தைப் பார்த்து உயர்த்தினான். முதலில் கதவுக் கீல் சத்தம் மாதிரி ஒன்று வந்தது. பிறகு வந்தது வேட்டை நாயின் பூர்வீகச் சொத்து. நீளமாக, தம் பிடித்து, முடிகிறது என்று நினைக்கும்போது இன்னொரு சுற்று. அவன் சத்தத்துக்கு அவனே திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். நாங்கள் நாலு பேரும் கைதட்டினோம். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரஸ்க் டப்பாவைத் திறந்தார்.

அதற்குள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கீழ்வீட்டுக்காரர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்திருந்தார். இரண்டாவது ஊளைக்குப் பிறகு "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?" என்றார். செக்ரட்டரி மட்டும் உடனே பதில் போட்டார்: "கவலை வேண்டாம். இரண்டாவது மாடி சாராக இருக்கும்."

இப்போது ரஸ்க்கைப் பார்த்தால் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்று சொல்ல முடியாது. எடை ஏறிவிட்டது, டாக்டர் ரஸ்க்குக்கு ரஸ்க்கைத் தடை செய்திருக்கிறார், மாமியார் மேல்முறையீட்டில் இருக்கிறார். சமையலறை டப்பாக்களில் எதை யார் எப்போது திறக்கிறார்கள் என்பது அத்துப்படி. குக்கர் விசில் இப்போது பயமில்லை, அறிவிப்பு. புல்லில் கால் வைக்க மட்டும் இன்னும் கொஞ்சம் யோசிப்பான். சோபாவில் மணிக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில்தான் நான் இன்னமும். ஆனால் அதன் கால்களில் ஒன்றை அவன் கடித்துக் குறைத்துவிட்டதால், கொஞ்சம் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து பேப்பர் படிக்கிறேன்.

மருந்துச் சோதனையில் பிராணிகளுக்குப் பதில் வேறு முறைகளுக்கு இடம் கொடுத்து 2023-ல் நம் நாட்டு விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் நாய்களின் சர்வீஸ் நாளைக்கே முடிந்துவிடாது. ரிட்டயர் ஆகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டிதான் வேண்டும், வாசலில் காவல் காக்க வேண்டும், வந்த அன்றே கொஞ்ச வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து வரிசையில் நிற்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு சாது நாய், தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு, பகல் முழுக்க எங்கேயும் போகாத ஓர் ஆள், இந்த மூன்றும் இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். தெருவில் வாரைக் கையிலிருந்து விடாதீர்கள். ரோடு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, வாசனை கிடைத்தால் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். புது சோபா வாங்கும் உத்தேசம் இருந்தால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். பழையதில் உங்களுக்கு இடம் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம்.